பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கடுமையான அலர்ஜி வந்தால்: அரசுப் பள்ளிகள் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம். எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பனைமரத்தில் கதண்டு கூடு கட்டியிருந்தது. நாங்கள் ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இடைவேளையில் ஒரு பையன் கல் விட்டான், ஏழு பிள்ளைகளைக் கடித்துவிட்டது. ஆறு பேர் அலறினார்கள், பள்ளியே அவர்களைச் சுற்றி நின்றது, யாரோ சுண்ணாம்பு கொண்டுவந்தார்கள், யாரோ வெங்காயம் நறுக்கினார்கள். ஏழாவது பையன் ஆறாம் வகுப்பு, அவனுக்குக் கழுத்தில் ஒரே ஒரு கடிதான். அவன் அழவில்லை. "டீச்சர், ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வராண்டாவில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் திரும்பிப் பார்த்தபோது உதடு வீங்கி, கண்ணிமை மூடி, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

பக்கத்து உரக்கடைக்காரர் தன் வேனில் அவனைத் தூக்கிப் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே செவிலியர் தொடையில் ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு தெளிந்தது, முகத்தில் ரத்தம் திரும்பியது. பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், கபடி ஆடுகிறான். அந்த ஊசிக்குப் பெயர் அட்ரினலின். சின்னக் கண்ணாடி ஆம்பூலில் வரும் ரொம்பச் சாதாரணமான மருந்து, விலையும் குறைவு. எங்கள் பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டரில் அது எப்போதும் இருந்தது. நாங்கள்தான் சுண்ணாம்பும் வெங்காயமுமாக இருபது நிமிடத்தைத் தொலைத்தோம். அந்த இருபது நிமிடத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நேரக் கணக்கை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இந்தக் கடுமையான அலர்ஜியால் இறந்தவர்களின் விவரங்களைத் தொகுத்து 2000இல் ஒரு ஆய்வு வந்தது. மூச்சோ இதயமோ நிற்பதற்கு உணவு என்றால் சுமார் 30 நிமிடம், பூச்சிக் கடி என்றால் 15 நிமிடம், ஊசி மருந்து என்றால் 5 நிமிடம்தான் ஆகியிருந்தது. இவை நடுவாந்தரக் கணக்குகள், அதைவிடச் சீக்கிரம் போனவர்களும் உண்டு. அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. யோசிப்பதையெல்லாம் ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடனேயே முடித்துவைத்துவிட வேண்டும்.

எது ஆபத்து, எது சாதாரண அரிப்பு

மருத்துவத்தில் இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர். உடம்பு தனக்கு ஆகாத ஒன்றைக் கண்டு ஒரேயடியாக மிரண்டு, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, மூச்சுக் குழாயை இறுக்கி, தொண்டையை வீங்கவைத்துவிடும். வெறும் தோல் தடிப்பு, அரிப்பு, கொஞ்சம் சிவப்பு என்று நின்றுவிட்டால் அது சாதாரண அலர்ஜி, உட்காரவைத்துக் கண்காணித்தால் போதும். ஆனால் தோலோடு இன்னொன்று சேர்ந்தால் எழுந்துவிட வேண்டும். தடிப்போடு வாந்தியா? தடிப்போடு இருமலா? உதடு வீக்கத்தோடு தலைசுற்றலா? குரல் திடீரென்று கரகரத்துவிட்டதா, எச்சில் விழுங்க முடியவில்லையா, மூச்சு இழுக்கிறதா, பிள்ளை வெளிறிப்போய்த் துவண்டு விழுகிறதா? இதெல்லாம் ஒரே நோயின் பல முகங்கள். கடலை ஆகாது என்று முன்பே தெரிந்த பிள்ளை அதைத் தெரியாமல் தின்றுவிட்டது, உடனே மூச்சு மட்டும் இழுக்கிறது என்றால், தோலில் எதுவும் வரவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. சிலருக்குத் தோலில் கடைசிவரை ஒன்றுமே தெரியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல். "நாக்குல முடி ஒட்டியிருக்கு", "தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு", "வயித்தைப் பிசையுது", "பயமா இருக்கு டீச்சர்" என்றுதான் சொல்லும். சத்தம் போடுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் ஓரமாகப் போய் உட்காரும் பிள்ளையை முதலில் பாருங்கள். ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளை என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும், அவர்களுக்குத்தான் இது மோசமாகப் போகும், அதோடு "அவனுக்கு எப்பவும் வர்ற இழுப்புதான்" என்று நாமும் விட்டுவிடுவோம்.

யாருக்கு எது ஒத்துக்காது, இதைக் கேட்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது

சேர்க்கைப் படிவத்தில் "ஒவ்வாமை உண்டா" என்று ஒரு கேள்வி வைத்தால் முக்கால்வாசிப் பெற்றோர் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள். நான் அதை மாற்றிப் பார்த்தேன். "புள்ளைக்கு எதாவது தின்னா ஒத்துக்காதா? எது குடுத்தா தடிக்குது, வாந்தி வருது? பூச்சி கடிச்சு முகம் வீங்கியிருக்கா? எந்த மாத்திரை, எந்த ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கீங்க?" என்று பெற்றோர் கூட்டத்தில் வாயால் கேட்டேன். ஒரே நாளில் நாலு பெயர் வந்தது. ஒரு அம்மா எழுந்து, இறால் தின்றால் மகளுக்குத் தொண்டை அடைக்கும் என்றும், இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். படிவத்தில் "இல்லை" என்று எழுதியவரும் அவரேதான்.

பாட்டிகள் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள், ஆனால் பிரித்துப் பாருங்கள். கத்திரிக்காய், கருவாடு, நிலக்கடலை எல்லாம் கரப்பான் பண்டம் என்பார்கள். நாள்பட்ட சொறி, சிரங்கையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். "தின்ன எவ்வளவு நேரத்துல வந்துச்சு?" என்று கேளுங்கள். சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது, மூச்சு அல்லது வாந்தி அல்லது மயக்கம் சேர்ந்து வந்தது என்றால் அந்தப் பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, டாக்டரிடம் எழுத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பரிசோதிக்கும் நாளிலும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களிடம் தனியாகக் காட்டலாம்.

சில பெற்றோர் சொல்லத் தயங்குவார்கள். இலவசச் சாப்பாட்டில் குறை சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம், பெண்பிள்ளை என்றால் "சீக்காளி" என்று ஊரில் பேர் வந்துவிடுமோ என்ற பயம். பொதுக் கூட்டத்தில் கேட்டுவிட்டு, தனியாக வந்து சொல்ல ஒரு நேரமும் கொடுங்கள்.

ஒரு தாள் போதும். பிள்ளையின் போட்டோ, பெயர், வகுப்பு, எது ஆகாது, போன தடவை எப்படி வந்தது, எடை, பெற்றோர் இருவரின் எண், அவர்கள் வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து வீட்டு எண், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் அளவும். நூறுநாள் வேலையில் இருக்கும் அம்மா போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார், அதனால் அந்த மூன்றாவது எண்தான் உண்மையில் வேலைக்கு ஆகும். இந்தத் தாளின் ஒரு பிரதி தலைமை ஆசிரியர் அறையிலும், ஒன்று வகுப்பாசிரியரிடமும், ஒன்று சத்துணவுக் கூடத்தில் உள்பக்கமாகவும் இருக்கட்டும். வகுப்பறைக் கதவில் ஒட்டி ஊருக்கே காட்ட வேண்டாம்.

சமையல்கட்டில் இருப்பவர்கள்தான் முதல் காவல்

1982இல் தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, இரண்டும் சேர்ந்து இன்று ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒரு நாளில் இரண்டு வேளை பள்ளியில் சாப்பிடுகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போன தலைமுறைக்குத் தெரியும். ஆகவே அலர்ஜி பயத்தில் யாரும் இந்தச் சாப்பாட்டைக் குறைத்துப் பேசக் கூடாது. பிள்ளை சாப்பிடவும் வேண்டும், பத்திரமாகவும் சாப்பிட வேண்டும்.

முட்டை ஆகாத பிள்ளைக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் கொடுக்கலாம். கொடுத்தால் மட்டும் போதாது. முட்டை மசாலாவில் கிடந்த கரண்டியையே சாதத்தில் விட்டால் பழம் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. கொண்டைக்கடலை, பயறு போடும் நாளிலும் இதே கதைதான். தனிக் கரண்டி வேண்டும், அந்தப் பிள்ளைக்கு முதலில் பரிமாற வேண்டும், பரிமாறுகிறவர் கையைத் தண்ணீரில் அலசினால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதைச் சமையல் அக்காவிடம் சுற்றறிக்கையாகக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று சொல்லுங்கள். எங்கள் சமையலர் அக்காவிடம் கதண்டு கடித்த பையன் கதையைச் சொல்லி, இதே மாதிரி ஒரு கரண்டியால் வரலாம் என்றேன். அடுத்த நாளே சிவப்பு நூல் கட்டிய கரண்டி ஒன்று தனியாகத் தொங்கியது.

காலை உணவு நேரம்தான் எனக்கு நிஜமாகவே கவலை. கிராமத்தில் அதைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது பல பள்ளிகளில் ஆசிரியர்கள் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்கள். அதாவது ஏதாவது நடந்தால் அந்த நிமிடத்தில் பள்ளியில் இருக்கும் ஒரே பெரியவர் உப்புமா பரிமாறும் அந்தப் பெண்தான். பயிற்சி கொடுத்தால் முதல் ஆளாக அவருக்குக் கொடுங்கள். 108க்கு எப்படிப் போன் செய்வது, பள்ளியின் முகவரியை எப்படிச் சொல்வது, பிள்ளையை எப்படிப் படுக்கவைப்பது, இவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்புறம் வெளியிலிருந்து வரும் தின்பண்டம். பிறந்தநாள் சாக்லேட், கேக், கேட் ஓரத்துக் கடையின் கடலை மிட்டாய், திருவிழா முடிந்த மறுநாள் டப்பாவில் வரும் பலகாரம். மொத்தமாகத் தடை போட்டால் பிள்ளைகள் ஒளித்துத் தின்பார்கள். ஆகாத பிள்ளை இருக்கும் வகுப்பில் பிறந்தநாளுக்குப் பென்சிலோ பழமோ கொடுக்கும் பழக்கத்தை வகுப்பாசிரியர் கொண்டுவரலாம். வகுப்புத் தோழர்களிடம் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். விளையாட்டுக்கு வாயில் திணிப்பது, கடலைத் தோலை மேலே ஊதுவது எல்லாம் நடக்கும், அது உயிரோடு விளையாடுவது என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். "மிஸ், அவன் டப்பாவுல கடலை இருக்கு" என்று ஓடி வந்து சொல்வது அவர்கள்தான்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பாதுகாப்பு என்ற பெயரில் அந்தப் பிள்ளையைத் தனியாக ஒரு மூலையில் உட்காரவைத்துச் சோறு போடாதீர்கள். தனிப் பந்தி, தனித் தட்டு என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தியின் ஒரு கோடியில், கூட்டாளிகள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்து உட்காரவையுங்கள், தட்டில் என்ன விழுகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் ஒரு சின்ன விஷயம். சிலருக்குக் கோதுமையோ இறாலோ தின்றால் ஒன்றும் ஆகாது, தின்றுவிட்டு ஓடி ஆடினால்தான் வரும். மத்தியானம் சாப்பிட்ட கையோடு பி.டி. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கினால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள்.

கதண்டு, தேனீ, மாத்திரை, ஊசி

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்தால் எல்லாம் கடலை, கடலை என்றே இருக்கும். நம் கிராமத்துப் பள்ளிகளில் கதண்டையும் மலைத்தேனீயையும் அதே அளவுக்கு நினைக்க வேண்டும். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் பனை, தென்னை, தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் கூரை, பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடம் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூடு இருந்தால் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுத் தீப்பந்தம் கட்டிக் கொளுத்தச் சொல்லாதீர்கள், 101க்குச் சொன்னால் தீயணைப்புத் துறையினர் வந்து அழிப்பார்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாமல் கயிறு கட்டுங்கள்.

கலைந்து வந்துவிட்டால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வகுப்பறைக்குள் ஓடிக் கதவு, ஜன்னலைச் சாத்த வேண்டும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், கிடைத்ததை வைத்து உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அப்புறம் கடிபட்ட ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி முகத்தைப் பார்த்துப் பேசவையுங்கள். நாங்கள் அன்று செய்யாமல் விட்டது இதுதான். பத்து இருபது இடத்தில் கடி விழுந்த பிள்ளைக்கு அலர்ஜி இல்லையென்றாலும் ஆஸ்பத்திரிதான், அவ்வளவு விஷம் ஏறினால் சிறுநீரகம்வரை பாதிக்கும்.

பள்ளி முதலுதவிப் பெட்டியில் இருக்கும் வலி மாத்திரையை நம் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் இந்த அலர்ஜிக்குப் பெரிய காரணங்கள். பள்ளியில் தடுப்பூசி போடும் நாளில் போட்ட பிள்ளைகளை 30 நிமிடம் அங்கேயே உட்காரவைக்க வேண்டும் என்பது விதி. பெல் அடித்துவிட்டது, வகுப்பு இருக்கிறது என்று அவசரப்படுத்தாதீர்கள்.

ஊசியை யார் வைத்திருப்பது, யார் போடுவது

2003இல் கனடாவின் ஒன்டாரியோவில் சப்ரினா ஷானன் என்ற 13 வயதுப் பெண், பள்ளி உணவகத்தில் வாங்கிச் சாப்பிட்ட உருளைக்கிழங்கு வறுவலில் பால் பொருள் கலந்திருந்ததால் மூச்சு முட்டி விழுந்தாள். முதலில் எல்லோரும் ஆஸ்துமா என்று நினைத்தார்கள். அவளுடைய அட்ரினலின் ஊசி அவள் லாக்கருக்குள் இருந்தது. அங்கே ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் நேரம் போய்விட்டது, அவள் பிழைக்கவில்லை. அவள் பெயரிலேயே ஒன்டாரியோவில் சட்டம் வந்து 2006 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, அங்கே ஒவ்வொரு அரசுப் பள்ளியும் இதற்கென்று திட்டமும் பயிற்சியும் வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகளே உபரியாக ஊசி வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்த நாடுகளில் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது, தொடையில் அழுத்தினால் தானாகவே மருந்து இறங்கிவிடும். நம் ஊர் மருந்துக் கடையில் அது கிடைப்பது கஷ்டம், வரவழைத்தால் விலை எட்டாது. நமக்கு வாய்த்தது ஆம்பூலும் சிரிஞ்சும்.

ஆகவே நடைமுறையில் இரண்டு விதமான பிள்ளைகள். முதல் விதம், கடுமையான அலர்ஜி உண்டு என்று முன்பே தெரிந்தவர்கள். இவர்களின் டாக்டரிடம், பள்ளியில் வைத்துக்கொள்ள அட்ரினலின் ஆம்பூலும் சிரிஞ்சும், எத்தனை மில்லி என்று எழுத்தில் கட்டளையும் கேட்டு வாங்குங்கள். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூல் என்றால் 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லி. ஆனால் கணக்கைப் பள்ளியில் அந்த நேரத்தில் போடக் கூடாது, டாக்டர் எழுதிய எண்ணைச் சிரிஞ்சு உறையிலேயே பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். போட ஒப்புக்கொள்ளும் இரண்டு ஆசிரியர்கள், பெற்றோரின் எழுத்துச் சம்மதம், சுகாதார நிலையத்தில் டாக்டரோ செவிலியரோ நேரில் கற்றுக்கொடுத்தது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இது சரி. யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். கை நடுங்குகிறவருக்கு வேறு வேலை இருக்கிறது.

போடும் இடம் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி, தசைக்குள். கையிலோ இடுப்பிலோ நரம்பிலோ கூடாது. ஒரு மில்லி சிரிஞ்சு தேவை. இன்சுலின் சிரிஞ்சை எடுத்துவிடாதீர்கள், அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும், ஊசியும் தசைவரை போகாத அளவுக்குக் குட்டை. ஆம்பூலை வெளிச்சம் படாமல் அட்டைப் பெட்டியோடு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறை மே மாதத்தில் அடுப்பு மாதிரி, அங்கே வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை காலாவதித் தேதியையும் மருந்தின் நிறத்தையும் பாருங்கள், பழுப்பு தட்டியிருந்தால் மாற்றுங்கள். எங்கே வைத்தாலும் பூட்டு மட்டும் போடாதீர்கள். எச்.எம். மீட்டிங் போன நாளில் பீரோ சாவியும் அவர் கைப்பையோடு போய்விடும், சப்ரினாவின் லாக்கர் கதைதான் அது. பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொக்கி போதும்.

இரண்டாவது விதம், முன்பு எதுவுமே வந்திராத பிள்ளைகள். எங்கள் கதண்டுப் பையன் இந்த விதம்தான். இவர்களுக்காகப் பள்ளி செய்ய வேண்டியது வழியை அளந்துவைப்பது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருநாள் நேரில் போங்கள். டாக்டர் எத்தனை மணிவரை இருப்பார், அவர் இல்லாதபோது யார் இருப்பார், அட்ரினலின் எந்த அறையில் இருக்கிறது, எந்த எண்ணுக்குப் போன் செய்தால் எடுப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பேசுங்கள், தடுப்பூசி போடும் இடத்தில் இந்த அவசரத்தைச் சமாளிக்க அவர்களுக்குப் பயிற்சியும் மருந்துப் பெட்டியும் உண்டு.

ஏவில், செட்டிரிசின் மாத்திரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள். அது அரிப்பைக் குறைக்கும், அதற்கும் அரை மணி நேரம் வேண்டும். மூடுகிற தொண்டையைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைக் கொடுத்துவிட்டு "சரியாகுதா பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பதுதான் உயிரைப் பறிக்கிறது. தொண்டை வீங்கிய பிள்ளைக்குத் தண்ணீர், சோடா, எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

அந்த நேரம்

ஒருவர் பிள்ளையோடு இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்கும் நகரக் கூடாது. இன்னொருவர் 108க்குப் பேச வேண்டும். மூன்றாமவர் பெட்டியையும் தாளையும் கொண்டுவர வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்பீர்கள், அதுதான் சமையலர் அக்கா. ஐந்தாம் வகுப்பில் நிதானமான ஒரு பிள்ளைக்கு கேட்டைத் திறந்து சாலையில் நின்று வண்டியைக் கைகாட்டும் வேலையைக் கொடுக்கலாம், மற்ற பிள்ளைகளை மூத்த மாணவர்கள் வகுப்பறைக்குள் கூட்டிப் போகட்டும்.

படுக்கவைப்பதுதான் நம் ஊரில் அதிகம் தப்பு நடக்கும் இடம். பிள்ளையைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால் இரண்டையும் ஒரு பையோ ஸ்டூலோ வைத்து உயர்த்துங்கள். மூச்சு ரொம்ப இழுத்தால் காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரட்டும். வாந்தி வந்தாலோ மயங்கினாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுப்பி நிற்கவைக்காதீர்கள், நடக்கவைக்காதீர்கள், "வா, முகம் கழுவிட்டு வரலாம்" என்று குழாயடிக்குக் கூட்டிப் போகாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே நின்றுபோகும், அந்த நொடியிலேயே உயிர் போனவர்கள் உண்டு.

இதனால்தான் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதை நான் கடைசி வழி என்று சொல்கிறேன். 108இல் பேசும்போது "ஒன்பது வயசுப் பையன், கதண்டு கடிச்சிருக்கு, மூச்சு இழுக்குது, உதடு வீங்கியிருக்கு, கடுமையான அலர்ஜி" என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள், பள்ளியின் பெயர், ஊராட்சி, பக்கத்து அடையாளம் மூன்றையும் சொல்லுங்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வருவதற்கு நேரமாகும், சுகாதார நிலையம் பக்கம் என்றால் ஊரில் இருக்கும் காரையோ வேனையோ ஷேர் ஆட்டோவையோ பிடித்து, பின்சீட்டில் படுக்கவைத்து, போகும்போதே அங்கே போன் செய்து ஊசியைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். ஊரில் யார் யாரிடம் கார் இருக்கிறது, பகலில் யார் வீட்டில் இருப்பார் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டுப் பட்டியல் போடுங்கள். எங்கள் பட்டியலில் முதல் பெயர் உரக்கடைக்காரருடையது, வண்டிச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்பதுவரை எங்களுக்குத் தெரியும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி பள்ளியில் இருக்கிறது, அடையாளங்கள் தெரிகின்றன என்றால் 108 வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதலில் போட்டுவிட்டு நேரத்தைக் கையிலேயே பேனாவால் எழுதுங்கள். 5 நிமிடம் கழித்தும் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம், அதையும் டாக்டர் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். போட்டபின் படபடப்பு, கை நடுக்கம், முகம் வெளுப்பது கொஞ்ச நேரம் இருக்கும், மருந்து வேலை செய்கிற அடையாளம்தான், பயப்பட வேண்டாம். மூச்சே நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அதனால் சி.பி.ஆர். பயிற்சியும் இந்தப் பயிற்சியோடேயே வாங்கிவிடுங்கள்.

பெற்றோருக்குச் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். "வீட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்ற பேச்சே எழக் கூடாது. வழியில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஒத்திகை

பருவத்துக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்து பாருங்கள். நாங்கள் முதல்முறை செய்தபோது பெட்டியைக் கொண்டுவர நாலு நிமிடம் ஆனது, ஏனென்றால் அதன்மேல் தேர்வு விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தோம். கேட் சாவி யாரிடம் என்று தேட இன்னும் இரண்டு நிமிடம். அடுத்த முறை மொத்தமே ஒன்றரை நிமிடம். காலாவதியான ஆம்பூலைத் தூக்கிப் போடாமல் பயிற்சிக்கு உடைத்துப் பாருங்கள், முதல்முறை உடைக்கும்போது எல்லோருக்கும் விரல் வெட்டும், துணியைச் சுற்றிப் பிடித்து உடைக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். மருந்துக்குப் பதில் தண்ணீர் எடுத்து, எலுமிச்சம்பழத்தில் ஏற்றிப் பழகினோம். புதிதாக மாறுதலில் வரும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், மேலாண்மைக் குழு கூட்டத்திலும் வருடம் ஒருமுறை பதிவு செய்துவிடுங்கள், அப்போதுதான் எச்.எம். மாறினாலும் ஏற்பாடு நிற்கும்.

முடிந்த பிறகு

ஊசி போட்டுப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரித்தவுடன் "நல்லாயிட்டான், கூட்டிட்டுப் போறோம்" என்று வீட்டார் கிளம்புவார்கள். விடாதீர்கள். சில மணி நேரம் கழித்து, மறுபடி எதையும் தின்னாமல், மறுபடி கடிக்காமல், அதே அலர்ஜி இரண்டாவது தடவை எழும்பலாம். டாக்டர் சொல்லும்வரை மருத்துவமனையில் இருக்க வேண்டும். கூடப் போன ஆசிரியர் இதைப் பெற்றோரிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், அன்றைய கூலி போகிறதே என்று அவர்கள் தவிப்பதும் உண்மைதான், முடிந்தால் யாராவது துணைக்கு இருங்கள்.

என்ன தின்றது, எத்தனை மணிக்கு, என்ன அடையாளம், எப்போது ஊசி என்பதை அன்றே எழுதி டாக்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள். சாப்பாட்டில் சந்தேகம் என்றால் மீதியைக் கொட்டிவிடாமல் மூடி வையுங்கள், ஆனால் அதற்காகச் சமையலரை நிற்கவைத்துக் கேள்வி கேட்காதீர்கள், அவரும் பயந்துபோய்த்தான் இருப்பார். தீர்ந்த ஆம்பூலுக்குப் பதில் அன்று சாயங்காலமே புதியது வாங்கி வையுங்கள். பிள்ளை திரும்பி வரும் முதல் நாள் மத்தியானம் தட்டைப் பார்த்துத் தயங்கும். எங்கள் பையன் ஒரு வாரம் பின்பக்க வராண்டாவுக்கே வரவில்லை. பி.டி. சார் தினமும் இடைவேளையில் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு அந்தப் பனைமரம்வரை நடந்துபோய், இரண்டு பேருமாக அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்கள். இப்போதும் எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கூடு பார்க்கும் வேலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுடையதுதான்.